ஒரே மேசையில் டெஸ்க்டாப்பும் லேப்டாப்பும்: எது மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது

எங்கள் வீட்டில் உட்கார்ந்து வேலை செய்ய ஒரே ஒரு மேசைதான். மேலே 27 அங்குல 4கே மானிட்டர், ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ், ஒரு வெப்கேம், ஒரு ஜோடி ஸ்பீக்கர். அடியில் என் டெஸ்க்டாப். காலையில் ஆபீஸ் லேப்டாப் அந்த மானிட்டரில் ஏறும், மாலையில் மனைவியின் மேக்புக், ராத்திரி போட்டோ எடிட்டிங்குக்கு மறுபடி டெஸ்க்டாப். மூன்று வருடமாக இப்படி ஓடுகிறது, ஆனால் முதல் ஆறு மாதம் ஓடவில்லை. அப்போது வராத கோளாறுகள், அக்கா வீட்டிலும் இரண்டு நண்பர்கள் வீட்டிலும் இதே மாதிரி அமைத்துக் கொடுத்தபோது வந்து சேர்ந்தன. எல்லாவற்றையும் அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் மேசையில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அடுத்து வரும் பகுதியை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள்.

எதையும் தொடும் முன்

மேசையைப் பகிர்வதில் மூன்று தனித்தனிப் பாதைகள் இருக்கின்றன. படம் போகிற பாதை (எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட், யூஎஸ்பி-சி), கீபோர்டு மவுஸ் கேமரா எல்லாம் போகிற யூஎஸ்பி பாதை, கரண்ட் வருகிற பாதை. என்ன கோளாறு வந்தாலும் அது எந்தப் பாதையுடையது என்று முதலில் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிரிக்கும் விதம்: நடுவில் இருக்கும் ஸ்விட்ச் பெட்டி, டாக் (லேப்டாப்பின் ஒரே சி கேபிளிலிருந்து படம், யூஎஸ்பி, சார்ஜ் எல்லாம் பிரித்துத் தரும் பெட்டி), ஹப் (ஒரு யூஎஸ்பி போர்ட்டைப் பலதாக்குவது), அடாப்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஒரு கம்ப்யூட்டரை ஒரே கேபிளில் மானிட்டரோடு நேராக இணையுங்கள், கீபோர்டையும் மவுஸையும் நேராக அதிலேயே சொருகுங்கள். ஒழுங்காக வேலை செய்தால் கம்ப்யூட்டர் மேலும் மானிட்டர் மேலும் குற்றமில்லை. கழற்றியதை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துக்கொண்டே வாருங்கள், எதைச் சேர்த்ததும் கெடுகிறதோ அங்கேதான் கோளாறு. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றிவிட்டால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போய்விடும், அடுத்த வாரம் அதே பிரச்சினை மறுபடி வரும்.

இன்னொன்று, இதை நான் அழுத்தியே சொல்வேன்: முடிந்தவரை படத்தை ஸ்விட்ச் பெட்டி வழியாக விடாதீர்கள். கேவிஎம் என்று விற்கிற பெட்டி படத்தையும் யூஎஸ்பியையும் சேர்த்து மாற்றும், கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இன்றைய மானிட்டர்கள் பலவற்றில் இரண்டு மூன்று இன்புட் ஏற்கெனவே இருக்கின்றன. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலிருந்தும் ஒரு கேபிளை நேராக மானிட்டருக்கு நிரந்தரமாகப் போட்டுவிட்டு, கீபோர்டு மவுஸுக்கு மட்டும் ஒரு யூஎஸ்பி ஸ்விட்ச் வைத்தால் போதும். ஒன்றிரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். மானிட்டரில் ஒரு பட்டன், ஸ்விட்சில் ஒரு பட்டன் என்று இரண்டு முறை அழுத்த வேண்டும் என்பதுதான் நஷ்டம், அதற்கும் கடைசிப் பக்கம் ஒரு வழி சொல்லியிருக்கிறேன். படம் சம்பந்தமாகக் கீழே இருக்கும் தொல்லைகளில் பாதிக்குமேல் நடுவில் பெட்டி இருப்பதால் வருபவை.

மாற்றியதும் 'சிக்னல் இல்லை' என்கிறது

டெஸ்க்டாப் என்றால் முதலில் பின்பக்கம் எட்டிப் பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கும்போது கேபிளை மதர்போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐயில் சொருகியிருந்தால் பெரும்பாலும் படம் வராது. மேசையை நகர்த்தித் துடைத்த பிறகு இந்தத் தப்பு அடிக்கடி நடக்கிறது.

அடுத்தது மானிட்டர் மெனு. இன்புட்டைத் தானாகத் தேடும் ஆட்டோ வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். மூன்று கம்ப்யூட்டர் இணைத்திருக்கும்போது, தூங்கப் போன ஒன்று லேசாக அசைந்தால்கூட மானிட்டர் அந்தப் பக்கம் ஓடிவிடும், நீங்கள் வேலை செய்துகொண்டிருந்த படம் போய்விடும். டீப் ஸ்லீப் மாதிரி ஒரு மின்சேமிப்பு வசதி இருந்தால் அதையும் அணையுங்கள். டிஸ்ப்ளேபோர்ட்டில் அந்த ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழ மறுக்கும் மானிட்டர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி முழுசாக உறைந்துவிட்டால் மானிட்டரின் பவர் கேபிளைப் பிடுங்கி ஒரு நிமிடம் விட்டுச் சொருகுங்கள். முன்பக்கப் பட்டனை அழுத்தி அணைப்பது இதற்குப் போதாது.

லேப்டாப்பின் யூஎஸ்பி-சி வழியாகப் படம் வரவில்லையா? எல்லா சி போர்ட்டும் படம் அனுப்பாது. பக்கத்தில் தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ டிஸ்ப்ளேபோர்ட்டின் 'டி' 'பி' சேர்ந்த குறியோ இருந்தால் அனுப்பும், ஒன்றும் இல்லை என்றால் மாடலின் விவரக்குறிப்பைத் தேடிப் பாருங்கள். போர்ட் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் கேபிள். போனோடு வருகிற சி-டு-சி சார்ஜிங் கேபிள் பெரும்பாலும் யூஎஸ்பி 2.0 கம்பிகளை மட்டும் கொண்டது, படம் போகிற கம்பிகள் உள்ளே கிடையாது. முனை ஒரே மாதிரி இருப்பதால் எல்லாரும் ஏமாறுகிறோம். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டுவிட்டு, கடைசியில் கேபிளை மாற்றினேன், படம் வந்தது.

அடாப்டர் இருந்தால் அதன் திசையைப் பாருங்கள். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகிற சின்ன அடாப்டர் ஒருவழிப் பாதை. கம்ப்யூட்டரில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் என்று தலைகீழாக இருந்தால் அதே அடாப்டரைத் திருப்பிப் போட்டு வேலைக்காகாது. உள்ளே சிப் வைத்த, பெரும்பாலும் யூஎஸ்பியிலிருந்து தனியாக கரண்ட் எடுக்கிற வகையைக் கேட்டு வாங்க வேண்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்தில் வாங்கினால் 'எந்தப் பக்கம் கம்ப்யூட்டர், எந்தப் பக்கம் மானிட்டர்' என்று வாயால் சொல்லிக் கேளுங்கள், பெயரை மட்டும் சொன்னால் கையில் கிடைப்பதைக் கொடுத்துவிடுவார்கள்.

படம் வருகிறது, ஆனால் மவுஸ் இழுத்துக்கொண்டே நகர்கிறது

டெஸ்க்டாப்பில் வழுக்கிக்கொண்டு போகும் அம்பு, லேப்டாப்புக்கு மாற்றியதும் தண்ணீருக்குள் நடப்பது மாதிரி நகர்ந்தால், மவுஸைக் குறை சொல்லாதீர்கள். திரை 30 ஹெர்ட்ஸில் ஓடுகிறது, அதாவது விநாடிக்கு 30 முறைதான் படம் புதுப்பிக்கப்படுகிறது. விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்ஸுக்குள் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பகுதியில் அந்த எண் இருக்கும். 60க்கு மாற்ற வழி இருந்தால் மாற்றிவிட்டு நிம்மதியாக இருங்கள். பட்டியலில் 60 இல்லவே இல்லை என்றால், நடுவில் ஏதோ ஒன்று குறுகலாக இருக்கிறது.

எங்கே குறுகுகிறது என்பதற்குச் சில எண்கள் உதவும். 4கே படத்தை 60 ஹெர்ட்ஸில் முழு நிறத்தோடு அனுப்ப விநாடிக்குச் சுமார் 12.5 கிகாபிட் வேண்டும். எச்டிஎம்ஐ 1.4இன் மொத்தக் கொள்ளளவே 10.2 கிகாபிட், அதனால் 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். எச்டிஎம்ஐ 2.0 என்றால் 18 கிகாபிட், போதும். ஆகவே பழைய லேப்டாப்பின் எச்டிஎம்ஐ, விலை குறைந்த ஸ்விட்ச் பெட்டி, பழைய கேபிள், மானிட்டரிலேயே 1.4 ஆக இருக்கும் இரண்டாவது போர்ட், இவற்றில் ஒன்று போதும் மொத்தப் பாதையையும் 30க்கு இறக்க.

யூஎஸ்பி-சி டாக்கில் இது இன்னும் நுணுக்கமானது. சி கேபிளுக்குள் வேகமான தடங்கள் நான்குதான். நான்கையும் படத்துக்குக் கொடுத்துவிட்டால் யூஎஸ்பிக்கு மிஞ்சுவது பழைய 2.0, அதாவது விநாடிக்கு 480 மெகாபிட். வேகமான யூஎஸ்பி வேண்டும் என்று பாதி பாதியாகப் பிரித்தால் படத்துக்கு இரண்டு தடம்தான். லேப்டாப்போ டாக்கோ டிஸ்ப்ளேபோர்ட் 1.2 தலைமுறையாக இருந்தால் அந்த இரண்டு தடத்தில் சுமார் 8.6 கிகாபிட் மட்டும் போகும், 4கே 30 ஹெர்ட்ஸ். இரண்டுமே டிஸ்ப்ளேபோர்ட் 1.4 என்றால் சுமார் 13 கிகாபிட் போகும், 60 கிடைத்துவிடும். மானிட்டருக்கே சி போர்ட் இருந்தால் அதன் மெனுவில் 'அதிக ரெசல்யூஷனா, அதிக டேட்டா வேகமா' என்று கேட்கிற ஒரு செட்டிங் சில மாடல்களில் இருக்கும். கீபோர்டு, மவுஸ், வெப்கேமுக்கு 2.0 தாராளமாகப் போதும், அதனால் ரெசல்யூஷன் பக்கம் போடுங்கள். அக்கா வீட்டில் புதிதாக டாக் வாங்கக் கிளம்பினவர்களை இந்த ஒரு செட்டிங்தான் நிறுத்தியது.

தண்டர்போல்ட் டாக்கில் இந்தப் பங்கு பிரிக்கும் கவலை இல்லை, ஆனால் விலை பல மடங்கு. ஒரே மானிட்டருக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

எழுத்து மங்கல், கறுப்பு வெளுத்திருக்கிறது

பெரும்பாலும் எச்டிஎம்ஐயில் வரும். மானிட்டரை டிவி என்று நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் குறுகிய நிற வரம்பில் அனுப்புகிறது. கிராபிக்ஸ் கார்டின் கன்ட்ரோல் பேனலில் நிற வடிவத்தை ஆர்ஜிபி என்றும், வரம்பை ஃபுல் என்றும் வையுங்கள். மேக்கில் இது வந்தால் எச்டிஎம்ஐயை விட்டுவிட்டு சி-டு-டிஸ்ப்ளேபோர்ட் கேபிளுக்கு மாறிப் பாருங்கள், என் அனுபவத்தில் அதோடு தீர்ந்துவிடுகிறது.

திரும்பி வந்தால் விண்டோக்கள் எல்லாம் இடம் மாறிக் கிடக்கின்றன

ஒவ்வொரு மானிட்டரும் தான் யார், என்னென்ன ரெசல்யூஷன் தாங்கும் என்ற சின்ன அடையாளச் சீட்டை உள்ளே வைத்திருக்கிறது, எடிட் (EDID) என்று அதற்குப் பெயர். கேபிள் இணைந்திருக்கிறதா என்று கம்ப்யூட்டர் ஒரு தனிக் கம்பியில் எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்கும். நீங்கள் வேறு இன்புட்டுக்குப் போனதும் சில மானிட்டர்கள் அந்தக் கம்பியைக் கைவிட்டுவிடும். கம்ப்யூட்டர் பக்கத்தில் பார்த்தால் யாரோ கேபிளைப் பிடுங்கின மாதிரிதான். உடனே எல்லா விண்டோக்களையும் சின்னதாக்கி லேப்டாப் திரைக்குள் அடைத்துவிடும். டிஸ்ப்ளேபோர்ட்டில் இது அதிகம், எச்டிஎம்ஐயில் குறைவு.

விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அதற்குள் மல்டிபிள் டிஸ்ப்ளேஸ். மானிட்டர் இணைப்பை வைத்து விண்டோ இடங்களை நினைவில் வைக்கச் சொல்லும் பெட்டியில் டிக் போடுங்கள், மானிட்டர் கழன்றால் விண்டோக்களை மினிமைஸ் செய்யும் பெட்டியில் டிக்கை எடுங்கள். இதோடு பெரும்பாலும் சரியாகும். ஆகவில்லை, அல்லது கேவிஎம் பெட்டி இருந்தே ஆக வேண்டும் என்றால், எடிட் எமுலேஷன் உள்ள பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். நீங்கள் வேறு பக்கம் இருக்கும்போதும் 'மானிட்டர் இங்கேதான் இருக்கிறது' என்று அது கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

வயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கி நகர்கிறது, சில நேரம் கிளிக் விழவில்லை

பேட்டரியை மாற்றியாயிற்று, மவுஸ் பேடை மாற்றியாயிற்று, இன்னும் திக்குகிறது. ரிசீவர் எங்கே சொருகியிருக்கிறது? நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட்டிலோ அதற்குப் பக்கத்திலோ இருந்தால் காரணம் அதுதான். யூஎஸ்பி 3.0 டேட்டா ஓடும்போது எழும் ரேடியோ இரைச்சல், வயர்லெஸ் மவுஸும் கீபோர்டும் பேசிக்கொள்கிற அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் வந்து விழுகிறது. இன்டெல்லே இதைச் சோதித்து 2012இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. எங்கள் வீட்டில் வெளி ஹார்டு டிஸ்கில் போட்டோ காப்பி ஆகும்போது மட்டும் மவுஸ் செத்துவிடும், காப்பி முடிந்ததும் உயிர் வந்துவிடும். அந்த ஒற்றுமையைக் கவனித்த பிறகுதான் பிடிபட்டது.

தீர்வுக்கு ஐம்பது நூறு ரூபாய் போதும். ஒரு யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிளில் ரிசீவரைச் சொருகி, மேசைமேல் மவுஸ் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள். டெஸ்க்டாப் இரும்புப் பெட்டிக்குப் பின்னால், மேசைக்கு அடியில், சுவரைப் பார்த்தபடி ரிசீவர் இருந்தால் அது இரட்டைக் கஷ்டம். யூஎஸ்பி ஸ்விட்ச் வாங்கும்போதும் 3.0 என்று தேடி ஓடாமல் 2.0 ஸ்விட்ச் வாங்குங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கீபோர்டு பயாஸில் வேலை செய்யவில்லை, மவுஸின் பக்கப் பட்டன்கள் செத்துவிட்டன

கேவிஎம் பெட்டிகளில் கீபோர்டு படம், மவுஸ் படம் போட்ட இரண்டு தனி போர்ட்டுகள் இருக்கும். அங்கே சொருகினால் பெட்டி உங்கள் கீபோர்டை நேராகக் கம்ப்யூட்டருக்குக் காட்டாது, தானே ஒரு சாதாரண கீபோர்டாக நடிக்கும். அதனால் மாற்றுவது வேகமாக இருக்கும், ஆனால் மவுஸின் பக்கப் பட்டன், கீபோர்டின் ஒலிக் குமிழ், விளக்கு எல்லாம் போய்விடும். சில மெக்கானிக்கல் கீபோர்டுகள் மொத்தமாகவே வேலை செய்யாது. அதே பெட்டியில் இருக்கும் வெறும் யூஎஸ்பி போர்ட்டுக்கு மாற்றுங்கள், எல்லாம் திரும்ப வரும். போனால் போவது அந்த வேகமும், ஸ்க்ரோல் லாக்கை இரண்டு முறை தட்டிக் கம்ப்யூட்டரை மாற்றும் வசதியும் மட்டும்.

பயாஸுக்குள் (விண்டோஸ் எழும் முன் வரும் செட்டிங்ஸ் திரை) நுழைய முடியவில்லை என்றால் ப்ளூடூத்தில் இருக்கிறீர்களா என்று பாருங்கள். ப்ளூடூத் கீபோர்டு பொதுவாக விண்டோஸ் எழுந்த பிறகுதான் பேசும். இதற்காகவே ஒரு பழைய கம்பிக் கீபோர்டை அலமாரியில் வைத்திருக்கிறேன், நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றினால் வெப்கேம் மட்டும் காணாமல் போகிறது

பவர் போதவில்லை. யூஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று கொடுப்பது 500 மில்லிஆம்பியர், 3.0 என்றால் 900. அந்த ஒரு போர்ட்டிலிருந்து வருவதைத்தான் ஸ்விட்சில் தொங்கும் நான்கு சாதனமும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். விளக்கு எரிகிற கீபோர்டு, வெப்கேம், மைக் என்று சேர்ந்தால் ஏதாவது ஒன்று விழும். பல ஸ்விட்சுகளின் பக்கவாட்டில் தனி பவருக்கான ஒரு சின்ன ஓட்டை இருக்கும், பழைய போன் சார்ஜரை அதில் கொடுங்கள் (5 வோல்ட் சார்ஜர் மட்டும்). ஹப்புக்குள் ஹப், அதற்குள் ஸ்விட்ச், அதற்குள் மானிட்டரின் ஹப் என்று அடுக்காதீர்கள். யூஎஸ்பி விதிப்படியே ஒரு வரிசையில் ஐந்து ஹப்புக்கு மேல் போகக் கூடாது, கடையில் விற்கிற 'ஒரு ஹப்' உள்ளே இரண்டாகவும் இருக்கும்.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், தயவுசெய்து கேளுங்கள். ஹார்டு டிஸ்கையோ பென் டிரைவையோ பகிர்ந்த ஸ்விட்சில் சொருகாதீர்கள். பட்டனை அழுத்தும் அந்த நொடியில், எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்கைக் கையால் பிடுங்கியதற்குச் சமம். ஒரு நண்பர் வீட்டில் கல்யாண போட்டோக்கள் இருந்த டிஸ்க் இப்படித்தான் திறக்காமல் போனது, மீட்டெடுக்க நான்கு நாள் ஆயிற்று, அப்படியும் எல்லாம் வரவில்லை. போதாததற்கு உங்கள் சொந்த டிஸ்க் ஆபீஸ் லேப்டாப்பில் போய் நிற்கும், பல நிறுவனங்களில் அது விதிமீறல்.

மானிட்டர் கேபிளில் லேப்டாப் சார்ஜ் ஏறவில்லை, அல்லது ஏறியும் இறங்குகிறது

லேப்டாப்பின் சொந்த சார்ஜர் எத்தனை வாட் என்று அதன் அடிப்பக்கம் பாருங்கள், பிறகு மானிட்டரோ டாக்கோ எத்தனை தருகிறது என்று பாருங்கள். 65 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு 45 வாட் கொடுத்தால் சும்மா இருக்கும்போது ஏறும், வீடியோ கால் போட்டால் இறங்கும். டாக்கில் இன்னொரு கணக்கு: 100 வாட் சார்ஜரை டாக்கில் சொருகினால் டாக் தன் பிழைப்புக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் லேப்டாப்புக்குத் தரும். கேபிளும் முக்கியம். சாதாரண சி கேபிள் 3 ஆம்பியர், அதாவது 60 வாட் வரைதான். அதற்கு மேல் போக கேபிள் முனையில் அடையாளச் சிப் உள்ள 5 ஆம்பியர் கேபிள் வேண்டும், உறையில் 100 வாட் அல்லது 240 வாட் என்று எழுதியிருக்கும்.

லேப்டாப்பைத் தொட்டால் சுர்ரென்கிறது, ஸ்பீக்கரில் உம்மென்று சத்தம்

இந்தப் பட்டியலில் அவசரமாகப் பார்க்க வேண்டியது இதுதான். படம் வராவிட்டால் வேலைதான் கெடும். இது சாமானையும் கெடுக்கும், ஆளையும் கெடுக்கும்.

இரண்டு முள் சார்ஜரில் ஓடும் உலோக உடம்பு லேப்டாப்பைத் தடவினால் லேசாக நமநமவென்று இருப்பது சாதாரணம். சார்ஜருக்குள் இரைச்சல் வடிகட்ட வைத்திருக்கும் சின்ன கெப்பாசிட்டர் வழியாகத் துளி கரண்ட் கசிவதால் வருவது, அளவு மிகக் குறைவு. ஆனால் டெஸ்க்டாப் இணைந்திருக்கும்போது சுருக்கென்று அடித்தாலோ, எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகும்போது முனையில் பொறி பறந்தாலோ, உங்கள் பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை என்று சந்தேகப்படுங்கள். டெஸ்க்டாப்பின் பவர் சப்ளையும் அதே மாதிரி கசியவிடும். அந்தக் கசிவை எர்த் கம்பி தரைக்குக் கொண்டுபோக வேண்டும். எர்த் இல்லாவிட்டால் அது டெஸ்க்டாப் உடம்பில் ஏறி, எச்டிஎம்ஐ கேபிளின் மேலுறை வழியாக மானிட்டருக்கு, அங்கிருந்து லேப்டாப்புக்கு, அங்கிருந்து உங்கள் கைக்கு வரும். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பாயின்ட் அழகாக இருக்கும், பின்னால் எர்த் கம்பியே இருக்காது. நாங்கள் முன்பு வாடகைக்கு இருந்த வீட்டில் அப்படித்தான், என் பழைய மானிட்டரின் எச்டிஎம்ஐ போர்ட் ஒன்று அங்கேதான் போயிற்று.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். சரிசெய்யும்வரை கேபிளைச் சொருகுவதாக இருந்தால் எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து எடுத்துவிட்டுச் சொருகுங்கள்.

எர்த் நன்றாக இருந்தும் ஸ்பீக்கர் உம்மென்றால் அது வேறு கதை. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், சத்தம் நின்றால் இரண்டு எர்த் பாதைகள் சேர்ந்து ஒரு வளையம் ஆகிவிட்டது. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து எடுத்தால் பலமுறை அடங்கிவிடும். அடங்காவிட்டால் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சின்ன உருளையை ஆடியோ கம்பியில் போடுங்கள். சத்தம் போக வேண்டும் என்று பிளக்கின் எர்த் முள்ளை மட்டும் யாரும் உடைக்காதீர்கள். அந்த யோசனையைக் கடைக்காரரே சொன்னாலும் வேண்டாம்.

ஆஃப் செய்த டெஸ்க்டாப்பில் விளக்கு எரிகிறது, ஆன் செய்தால் எழ மறுக்கிறது

வெளியிலிருந்து பின்வாசல் வழியாக கரண்ட் வருகிறது. இரண்டு வழி உண்டு. ஒன்று, தனி பவர் உள்ள மலிவான யூஎஸ்பி ஹப் தன் 5 வோல்ட்டைக் கம்ப்யூட்டர் பக்கமும் தள்ளுவது. இரண்டு, தரமில்லாத டிஸ்ப்ளேபோர்ட் கேபிள். அந்தக் கேபிளில் 20ஆவது முள் 3.3 வோல்ட்டுக்கானது, கம்ப்யூட்டரிலிருந்து மானிட்டருக்குப் போகும் சாதாரண கேபிளில் அது இரு முனைகளுக்கும் நடுவே இணைந்திருக்கக் கூடாது. இணைத்துச் செய்த கேபிள்கள் சந்தையில் சுற்றுகின்றன, அவற்றில் மானிட்டரின் கரண்ட் கிராபிக்ஸ் கார்டுக்குள் போய்விடும். ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள், எதைப் பிடுங்கியதும் விளக்கு அணைகிறதோ அந்தக் கேபிளையோ ஹப்பையோ தூக்கிப் போடுங்கள். இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள்.

கீபோர்டு விளக்கு மட்டும் எரிந்து, கம்ப்யூட்டர் ஒழுங்காக எழுகிறது என்றால் பயம் இல்லை. ஆஃப் ஆன பிறகும் யூஎஸ்பிக்கு கரண்ட் விடுவது மதர்போர்டின் வழக்கம், பயாஸில் இஆர்பி (ErP) என்ற வசதியைப் போட்டால் நின்றுவிடும்.

ஸ்விட்சை அழுத்தினால் தூங்குகிற டெஸ்க்டாப் விழித்துக்கொள்கிறது

டிவைஸ் மேனேஜரில் மவுஸைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் கம்ப்யூட்டரை எழுப்பும் அனுமதியை எடுத்துவிடுங்கள். கீபோர்டுக்கு மட்டும் விட்டு வையுங்கள். அப்படியும் எழுந்தால் அங்கேயே யூஎஸ்பி ரூட் ஹப்பிலும் அதே அனுமதியை எடுங்கள், பிறகு எழுப்ப டெஸ்க்டாப்பின் பவர் பட்டன்தான்.

மேக்கில் இரண்டாவது மானிட்டரும் முதல் மானிட்டரும் ஒரே படத்தைக் காட்டுகின்றன

மானிட்டரிலிருந்து மானிட்டருக்குச் சங்கிலியாக டிஸ்ப்ளேபோர்ட் போடும் முறையில் மேக்ஓஎஸ் படத்தை விரிக்காது. இதே முறையில் இரண்டு மானிட்டரை ஓட்டும் டாக், விண்டோஸ் லேப்டாப்பில் அருமையாக வேலை செய்துவிட்டு மேக்கில் ஏமாற்றுவது இதனால்தான். சாதாரண எம்1, எம்2 மேக்புக் ஏர் என்றால் வெளி மானிட்டர் ஒன்றுக்குத்தான் அதில் இடம். இரண்டாவது கட்டாயம் வேண்டும் என்றால், படத்தைச் சாதாரண யூஎஸ்பி டேட்டாவாக அனுப்பும் டிஸ்ப்ளேலிங்க் வகை டாக் வாங்கி, அதன் மென்பொருளை நிறுவ வேண்டும்.

ஆபீஸ் லேப்டாப்பில் எதையும் நிறுவ முடியவில்லை

மவுஸை ஒரு திரையிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டரின் திரைக்கு அப்படியே தள்ளிக்கொண்டு போகிற மென்பொருள்கள் இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் பவர்டாய்ஸுக்குள் வரும் மவுஸ் வித்தவுட் பார்டர்ஸ் விண்டோஸுக்குள் இலவசம், மேக், லினக்ஸ் கலந்திருந்தால் டெஸ்க்ஃப்ளோ. இரண்டும் நன்றாக ஓடுகின்றன. ஆனால் ஆபீஸ் லேப்டாப்பில் நிறுவ அனுமதி கிடைக்காது, சுற்றுவழி தேடவும் வேண்டாம், வேலையைப் பணயம் வைக்கிற விஷயம் அது. யூஎஸ்பி ஸ்விட்ச் அங்கேதான் கைகொடுக்கிறது. லேப்டாப்புக்கு அது வெறும் ஹப், கீபோர்டு, மவுஸ்தான், எதையும் நிறுவ வேண்டியதில்லை. வெளி யூஎஸ்பி சாதனங்களையே தடுத்திருந்தால் ஐடி பிரிவில் கேட்டுவிடுங்கள், கீபோர்டு மவுஸுக்கு மட்டும் பெரும்பாலும் சரி என்பார்கள்.

இரண்டு பட்டன் அழுத்துவது அலுப்பாக இருக்கிறது

முன்பே சொன்ன வழி இதுதான். பெரும்பாலான மானிட்டர்கள் வீடியோ கேபிள் வழியாகவே கட்டளை வாங்கிக்கொள்ளும், அந்த முறைக்கு டிடிசி-சிஐ என்று பெயர். வெளிச்சம் கூட்டுவது போலவே இன்புட்டை மாற்றவும் அதில் கட்டளை உண்டு. டிஸ்ப்ளே-ஸ்விட்ச் என்ற ஒரு திறந்த மூல நிரல் இருக்கிறது: குறிப்பிட்ட கீபோர்டு இந்தக் கம்ப்யூட்டரில் வந்து சேர்ந்ததும் மானிட்டரையும் இந்தக் கம்ப்யூட்டரின் இன்புட்டுக்கு இழுத்துவரும், போனதும் மற்றதற்கு அனுப்பவும் அதற்குச் சொல்லலாம். அதனால் டெஸ்க்டாப்பில் மட்டும் நிறுவினாலே போதும், ஆபீஸ் லேப்டாப்பைத் தொட வேண்டியதில்லை. வேலை செய்யாவிட்டால் மானிட்டர் மெனுவில் டிடிசி-சிஐ ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் டாக்கோ மலிவான அடாப்டரோ இருந்தால் அந்தக் கட்டளையை விழுங்கிவிடவும் வாய்ப்பு உண்டு.

ஒரு கம்ப்யூட்டரில் தமிழ் வருகிறது, மற்றதில் வேறு எழுத்து விழுகிறது

கீபோர்டு எந்த எழுத்தையும் அனுப்புவதில்லை, எந்த இடத்து விசை அழுத்தப்பட்டது என்ற எண்ணை மட்டும் அனுப்புகிறது. அதைத் தமிழ் 'அ' என்று படிப்பதா ஆங்கில 'ஏ' என்று படிப்பதா என்பது ஒவ்வொரு கம்ப்யூட்டரின் வேலை. அதனால் தமிழ்99 போடுகிறவர்கள் மூன்றிலும் தமிழ்99ஐத் தனித்தனியாகச் சேர்த்தாக வேண்டும். ஒன்றில் தமிழ்99, இன்னொன்றில் ஆங்கில ஒலிப்பு முறை என்று இருந்தால் விரல் குழம்பிப்போகும். மொழி மாற்றும் குறுக்குவிசை விண்டோஸில் விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ், மேக்கில் வழக்கமாகக் கன்ட்ரோலோடு ஸ்பேஸ். விண்டோஸ் கீபோர்டை மேக்கில் போட்டால் ஆல்ட்டும் விண்டோஸ் விசையும் இடம் மாறினதுபோல் இருக்கும். சிஸ்டம் செட்டிங்ஸ், கீபோர்டு, அதற்குள் மாடிஃபையர் கீஸ் பகுதியில் மேலே இந்த வெளிக் கீபோர்டைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, ஆப்ஷனையும் கமாண்டையும் மாற்றிப் போடுங்கள். கீபோர்டைத் தேர்ந்தெடுக்க மறந்தால் மேக்புக்கின் சொந்தக் கீபோர்டில் மாறிவிடும், ஸ்விட்ச் வழியாக வருவது அப்படியே நிற்கும்.